பச்சைத் தேத்தண்ணி: எப்படிக் குடிப்பது, எப்போது குடிப்பது?



தேயிலையைப் பற்றி நமக்கே ஒரு பாடமா என்று நினைக்க வேண்டாம். கொழுந்து பறிக்கிற நாம், அதைக் குடிக்கிற முறையில் சில பிழைகள் விடுகிறோம். இதை நாங்கள் உணர்ந்தது தோட்டத்தில் அல்ல, பரந்தனில்.

1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலைநாட்டை விட்டு வன்னிக்குப் போன நம்மவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் கிளிநொச்சி மாவட்டத்தில் பல ஊர்களில் வாழ்கிறார்கள். பரந்தன் சந்திக்குக் கிட்ட அப்படி ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். தோட்டத்து உறவுக்காரர் அனுப்பிய பச்சைத் தேயிலைப் பக்கெட் அங்கே இருந்தது. அந்த வீட்டுத் தங்கச்சிக்கு நாலு மாதம். இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் இரும்புச்சத்துக் குளிசை கொடுத்திருந்தார்கள். மத்தியானம் சோறு சாப்பிட்ட கையோடு குளிசையை வாயில் போட்டு, பச்சைத் தேத்தண்ணியைக் குடித்தார்.

"என்னம்மா, குளிசைக்குத் தேத்தண்ணியா?" என்று கேட்டோம்.

"இது ஒடம்புக்கு நல்லதுன்னு சொன்னாங்கக்கா. அதான் ரெண்டையும் ஒண்ணா முழுங்கிர்றேன்."

இரண்டும் நல்லதுதான். ஒன்றாகச் சேர்வதுதான் பிழை.

பச்சைத் தேயிலை என்றால் என்ன?

அது வேறு செடி அல்ல. நாம் பறிக்கிற அதே கொழுந்துதான். கருந்தேயிலைக்குக் கொழுந்தை வாட்டி, அரைத்து, காற்றுப்பட வைத்து, நிறம் மாறிய பிறகு காய வைக்கிறார்கள். பச்சைத் தேயிலைக்கு, பறித்துக் கொஞ்ச நேரத்திலேயே ஆவியிலோ சூடான சட்டியிலோ சூடு காட்டிவிடுவார்கள். நிறம் மாறுவது அதோடு நின்றுவிடும். அதனால் கொழுந்திலுள்ள 'கேட்டச்சின்' என்ற துவர்ப்புச் சத்து கூடுதலாக மிஞ்சுகிறது. தொடர்ந்து குடிப்பவர்களுக்கு இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரோல் ஓரளவு குறைவதாக ஆராய்ச்சிகளில் கண்டிருக்கிறார்கள். ஆனால் இது மருந்து அல்ல. சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் தந்த மருந்தை நிறுத்திவிட்டு இதைக் குடிக்கவே கூடாது.

பிழை எங்கே வருகிறது?

நன்மை தருகிற அதே துவர்ப்புச் சத்து, சோறு, பருப்பு, கீரை, ரொட்டி இவற்றிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. அந்த இரும்பு இரத்தத்தில் சேராமல் வெளியே போய்விடும். குளிசையிலுள்ள இரும்புக்கும் இதே கதிதான். கருந்தேயிலையும் அப்படியே செய்யும். இரத்தம் குறைந்தால் மலை ஏறும்போது மூச்சு வாங்கும், தலை சுற்றும், கை கால் சோரும். கர்ப்பிணித் தாய்க்கு இரத்தம் குறைந்தால் குழந்தை நிறை குறைவாகப் பிறக்கவும் கூடும்.

என்ன செய்யலாம்?

1. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ தேத்தண்ணி குடியுங்கள். காலையில் ரொட்டியோடு தேத்தண்ணி குடிக்கிற பழக்கத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றப் பாருங்கள்.

2. இரும்புக் குளிசையைத் தண்ணீரோடு மட்டும் விழுங்குங்கள். கல்சியம் வில்லையை வேறு நேரத்தில் குடியுங்கள்.

3. கிணற்றுத் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வையுங்கள். இறக்கி நாலைந்து நிமிஷம் ஆறவிட்டு, ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி தேயிலை போட்டு, 2 அல்லது 3 நிமிஷத்தில் வடித்துவிடுங்கள். தேயிலையைப் போட்டுக் கொதிக்க வைத்தால் கசப்புத்தான் கூடும்.

4. வாய் வேகும் சூட்டில் குடிக்க வேண்டாம். 65 பாகைக்கு மேலான சூட்டில் பானம் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2016இல் சொன்னது.

5. கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி என்றால் நாலு கோப்பைக்கு எட்டுக் கரண்டி. ஒரு நாளைக்கு ஆறு கரண்டிக்குள் நிற்பது மிக நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு ஆலோசனை. சீனிக்குப் பதில் தேசிக்காய்ப் புளி சில துளி விடுங்கள். கேட்டச்சின் கெடாமல் நிற்கும்.

6. கர்ப்பிணிகள் ஒரு நாளைக்கு இரண்டு கோப்பையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பச்சைத் தேயிலைச் சாறு என்று விற்கிற குளிசைகளை டொக்டரைக் கேட்காமல் யாரும் வாங்க வேண்டாம். அளவு கூடினால் ஈரல் கெடும்.

இரத்தம் ஊறுவதற்கு முருங்கை இலை வறை, பயறு, நெத்தலி, கருவாடு இருக்கின்றன. கீரையோடு தேசிக்காய்ப் புளி சேர்த்தால் இரும்பு நன்றாகச் சேரும். வன்னியில் முருங்கை வேலியிலேயே நிற்கிறது. காசு கொடுத்து வாங்கவும் தேவையில்லை.

பரந்தன் தங்கச்சி இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப தேத்தண்ணிய விடத் தேவல்ல, நேரத்த மாத்தினா போதும், என்னக்கா?" என்றார். நாங்கள் இவ்வளவு பேசியதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

வீட்டில் பேசிப் பாருங்கள்:

நம் வீட்டில் யார் யார் சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்கிறோம்?

குளிசை குடிப்பவர் எதோடு குடிக்கிறார்?

ஒரு நாளைக்கு எத்தனை கரண்டி சீனி போகிறது?