மைக் செருக இடமுள்ள கேமரா

அன்புள்ள மருமகனுக்கு,

சினிமா படிக்கும் தங்கைக்கு வாங்கும் வீடியோ கேமரா, கல்யாண வீட்டுக்கு வாங்கும் கேமரா போன்றதன்று. அங்கே பொத்தானை அழுத்தினால் படம் தானாக நன்றாக வர வேண்டும். இங்கே அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ, ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் எல்லாவற்றையும் படிப்பவர் தம் கையால் மாற்றிப் பார்க்க வேண்டும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட் விநாடிக்கு 100 முறை மினுங்கும். ஷட்டரை 1/50 என்று வைத்தால் அந்த மினுக்கம் படத்தில் பட்டை பட்டையாக விழாது. இதற்கு இடம் தராத கேமராவில் ஒளிப்பதிவு கற்க முடியாது.

ஹேண்டிகேமை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அதன் சென்சார் மிகச் சிறியது, லென்ஸையும் கழற்ற முடியாது. லென்ஸ் மாற்றும் கேமராக்களில் ஃபுல் ஃபிரேம் சென்சார் 36×24 மி.மீ., ஏபிஎஸ்-சி ஏறத்தாழ 23.5×15.6 மி.மீ. ஃபுல் ஃபிரேம் என்றால் லென்ஸ்களின் விலையும் எடையும் கூடும். ஏபிஎஸ்-சி, 35 மி.மீ. பிலிமில் சினிமா எடுத்த ஃபிரேமுக்குக் கிட்டத்தட்ட சமம். முதலாண்டு மாணவிக்கு அது தாராளம். வட்டிக்குக் கடன் வாங்கி ஃபுல் ஃபிரேம் வாங்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. கடன் என்ற சொல் அக்காவின் வீட்டில் மறுபடி கேட்க வேண்டாம்.

விளம்பரங்கள் 4கே, 6கே என்று பேசும். ஒலியைப் பற்றி ஒரு வரி இருக்காது. வாங்குபவர்களும் கேட்பதில்லை. தமிழ் சினிமாவுக்கே இந்த அலட்சியம் பழையது. படப்பிடிப்பு ஸ்டூடியோவுக்குள் நடந்த காலத்தில் ஓசை அடக்கிய மிச்செல் கேமராக்கள் இருந்தன. நடிகர் பேசியது அங்கேயே பதிவாயிற்று. வெளியூருக்குத் தூக்கிப் போக வசதியான ஆரிஃபிளெக்ஸ் 2சி ஓடுகிற சத்தத்தில் வசனம் பயன்படாமல் போனது; எல்லாவற்றையும் டப்பிங் தியேட்டரில் மறுபடி பேசினார்கள். கேமரா கிராமத்துக்குப் போனது, கிராமத்தின் ஓசை மட்டும் திரைக்கு வரவில்லை. 2004இல் வந்த 'விருமாண்டி' படப்பிடிப்புத் தளத்திலேயே வசனத்தைப் பதிவு செய்தது; அது அதிசயமாகப் பேசப்பட்டது என்பதே இழப்பின் அளவைக் காட்டும். இன்றைய கேமராவுக்கு ஓடும் சத்தமே இல்லை, பழைய பழக்கம்தான் போகவில்லை. படம் கொஞ்சம் மங்கினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு புரியாவிட்டால் பொறுக்கமாட்டார்.

எனவே கடையில் முதலில் பார்க்க வேண்டியது மைக் ஜாக்கும் ஹெட்ஃபோன் ஜாக்கும். கேனான் 1500டி மலிவு, ஆனால் வெளி மைக் செருக அதில் இடமே இல்லை. 200டி மார்க் 2இல் மைக் செருகலாம். பதிவாவதைக் காதில் கேட்க வழியில்லை. சோனி இசட்வி-இ10இல் இரண்டும் உண்டு. பிளாக்மேஜிக் பாக்கெட் 4கே படத்தின் தரத்தில் இவற்றுக்கெல்லாம் மேல், டாவின்சி ரிசால்வ் ஸ்டூடியோவும் கூடவே வரும். ஆனால் பேட்டரி சீக்கிரம் தீரும். நடந்து வரும் ஆளை ஃபோகஸ் தானாகப் பின்தொடராது. தேர்வு மருமகனுடையது. எல்லாவற்றையும் கையில் எடுத்துப் பார்த்தே முடிவு செய்யலாம். சோனியைப் பார்த்தபின் மற்றவற்றைப் பார்க்கும் தேவை அநேகமாக வராது.

பணத்தில் பாதிக்குமேல் பாடிக்குப் போகக் கூடாது. ஒரு எஃப் 1.8 பிரைம் லென்ஸ், ஃப்ளூயிட் ஹெட் உள்ள ட்ரைபாட், ஷாட்கன் மைக், காதை மூடும் ஹெட்ஃபோன், இன்னொரு பேட்டரி ஆகியவை மீதியில் அடங்க வேண்டும். 4கே 100 எம்பிபிஎஸ்ஸில் ஒரு மணி நேரப் பதிவு 45 ஜிபி பிடிக்கும்; வி30 குறியிட்ட கார்டும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும் இல்லாமல் தீராது. லென்ஸைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினால் டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சென்னைக் காற்றுக்குச் சிலிகா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பா அவசியம். அப்பாவின் கேமரா பீரோவுக்குள் என்ன ஆயிற்று என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பெரிய கேமரா வேண்டிய நாளில் வடபழனி, சாலிகிராமம் பக்கம் நாள் வாடகைக்கு எடுக்கலாம். இரவில் அதைத் தூக்கிக்கொண்டு குழந்தை தனியாகத் திரும்பாமல் பார்த்துக்கொள்வதும் அண்ணன் பொறுப்பு.

முதல் வேலையில் சேர்ந்த கையோடு தங்கைக்குக் கேமரா வாங்க நினைக்கும் பிள்ளை எல்லா வீட்டிலும் பிறப்பதில்லை. மருமகன் எதை வாங்கிக் கொடுத்தாலும் அவள் துள்ளிக் குதிப்பாள், மாமாவும் ஒரு குறை சொல்லப் போவதில்லை. ஃபுல் ஃபிரேமே ஆனாலும் சரி. மைக்கும் ஹெட்ஃபோனும் மாமாவின் பங்கு. பில்லை அனுப்பினால் போதும்.

அன்புடன்,
மாமா