கடலில் வளையும் கப்பல்

புக்கிட் பாத்தோக்கிற்குத் தென்மேற்கே ஜூரோங் கடற்கரை உள்ளது. அங்கே 1963ஆம் ஆண்டில் கப்பல் பட்டறை ஒன்று நிறுவப்பட்டது. அங்குள்ள எஃகுத் தகடுகளின் கனத்தைக் காண்போர், "இவ்வளவு உறுதியான கப்பலும் வளையுமோ?" என ஐயுறுவர். வளையும் என்பதே விடை. அது எவ்வாறு என்பதை நாம் அறிந்துகொள்வோம்.

பால் வாளிகள் இரண்டை ஒரு கம்பின் இருமுனைகளிலும் தொங்கவிட்டுத் தோளில் சுமப்பதை நாம் அறிவோம். கம்பின் நடுப்பகுதி தோளில் நிற்க, முனைகள் கீழே தாழும். அப்பொழுது கம்பின் மேற்பக்கம் இழுபடுகிறது; கீழ்ப்பக்கம் நெருக்குண்கிறது. பேரலையின் முகடு கப்பலின் நடுவே வரும்போதும் இதுவே நிகழ்கிறது. கப்பலின் முனைகள் ஒடுங்கியவை. ஆதலால் அங்கே நீர் தாங்கும் ஆற்றல் குறைவு.

அலை முகடுகள் இருமுனைகளிலும் அமைந்தால் நிலைமை மாறும். வடிகாலின் குறுக்கே இட்ட பலகையின் நடுவில் ஒருவர் நின்றாற்போல் கப்பலின் நடு தாழும். அப்பொழுது மேல்தளம் நெருக்குண்ண, அடித்தளம் இழுபடும். இவ்விரு நிலைகளும் பயணம் முழுவதும் மாறி மாறி வருகின்றன.

எஃகுக்கும் இரப்பரைப் போல மீளும் தன்மை உண்டு. ஆனால் அதன் எல்லை மிகச் சிறியது. எல்லை மீறி நெருக்கினால் தகடு புடைத்து நெளியும். எல்லைக்குள்ளேயே பன்முறை வளைத்தாலும், கம்பியை இப்படியும் அப்படியும் மடித்தாற்போல், நாளடைவில் வெடிப்புத் தோன்றும்.

2013ஆம் ஆண்டு ஜூன் மாதம் சிங்கப்பூரிலிருந்து ஜெட்டா நோக்கிச் சென்ற எம்.ஓ.எல். கம்ஃபர்ட் என்னும் 316 மீட்டர் நீளக் கொள்கலன் கப்பல், ஜூன் 17ஆம் நாள் ஏமனுக்கு அப்பால் நடுவே முறிந்து இரண்டாயிற்று. அது கட்டப்பட்டு ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன. மாலுமிகள் 26 பேரும் உயிர் தப்பினர். கப்பலின் இரு துண்டுகளும் பின்னர் மூழ்கின. அதே வகைக் கப்பல்களை ஆராய்ந்தபோது, சிலவற்றின் அடித்தகடுகள் நெளிந்திருப்பது தெரியவந்தது. அவை பின்னர் வலுப்படுத்தப்பட்டன.

சரக்கின் எடையைத் தவறாகக் குறித்தால், கப்பல் தாங்கும் சுமையைச் சரியாகக் கணக்கிட இயலாது. எனவே 2016 ஜூலை 1 முதல், எடை சரிபார்க்கப்பட்ட கொள்கலனையே கப்பலில் ஏற்றவேண்டும் என்பது பன்னாட்டு விதியாக உள்ளது.

தோட்டத்தில் பாலை நிறுக்கும்போது சரியான எடை நமது கூலியைக் காக்கிறது. அந்த இரப்பர் கப்பலேறும்போதோ, சரியான எடை மாலுமிகளின் உயிரைக் காக்கிறது. இதனை நாம் மனத்திற் கொள்வோமாக.