செஸ் கணக்கு எங்கே அறுகிறது? ஐந்து பயிற்சிகள், ஓர் ஒப்பீடு

ஆட்டம் தோற்று வெளியே வரும் பிள்ளையிடம் பயிற்சியாளர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: “கால்குலேஷன் போதலை. தினமும் பஸில் போடு.” பிள்ளையும் போடுகிறது. பஸில் மதிப்பெண் ஏறுகிறது. போட்டி ரேட்டிங் இருந்த இடத்திலேயே நிற்கிறது. உழைப்பில் குறை இல்லை. பலவீனம் ஒரு பக்கம் இருக்க, பயிற்சி இன்னொரு பக்கம் நடக்கிறது.

கால்குலேஷன் என்று ஒரே பெயரில் நாம் சொல்வதற்குள் குறைந்தது நான்கு வேலைகள் இருக்கின்றன. பார்க்க வேண்டிய நகர்த்தல்கள் கண்ணில் பட வேண்டும். காயைத் தொடாமலே, நகர்ந்த பிறகு பலகை எப்படி இருக்கும் என்பது மனத்தில் தெளிவாக நிற்க வேண்டும். எதிராளியின் சிறந்த பதிலைத் தேடிக்கொண்டே போய், நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வேண்டும். அந்த இடத்தில் யாருக்குச் சாதகம் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். இன்று புழக்கத்தில் உள்ள ஒவ்வொரு பயிற்சியும் இவற்றில் ஒன்றிரண்டைத்தான் வளர்க்கும். எது சிறந்த முறை என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. உங்கள் கணக்கு எந்த இடத்தில் அறுகிறது என்பதற்கு உண்டு.

முதலில் ஒரு சோதனை

கடைசியாகத் தோற்ற ஆட்டங்களில் ஐந்தாறை எடுங்கள். நிதானமாக ஆடியவையாக இருக்கட்டும், பிளிட்ஸ் வேண்டாம். என்ஜினைத் திறப்பதற்கு முன்னால், ஆட்டம் கைநழுவிய இடத்தில் அன்று மனத்துக்குள் போட்ட கணக்கை நினைவுக்குக் கொண்டுவந்து எழுதுங்கள். நல்லபடியாகத் திருத்தி எழுத வேண்டாம். பிறகு என்ஜினோடு ஒப்பிடுங்கள். தவறு பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்:

அ. எதிராளி ஆடிய நகர்த்தல் உங்கள் நினைப்பிலேயே இல்லை.
ஆ. மூன்று நகர்த்தல் தள்ளிப் பார்க்கும்போது, வெட்டுப்பட்ட காயோ இடம் மாறிய காயோ பழைய கட்டத்திலேயே இருப்பதாக எண்ணிவிட்டீர்கள்.
இ. பார்த்த வழி சரி. ஒரு நகர்த்தல் முன்பே நிறுத்திவிட்டீர்கள்.
ஈ. கடைசிவரை சரியாகப் பார்த்தீர்கள். அந்த நிலை நல்லதா கெட்டதா என்பதில் பிசகினீர்கள்.
உ. எல்லாம் தெரிந்தது, கடிகாரம் விடவில்லை.

எந்த எழுத்து அதிகம் வருகிறது என்று எண்ணிக்கொண்டு மேலே படியுங்கள்.

1. ஆப் பஸில்கள்: ‘அ’ வகைக்கு

லிசெஸ் தளத்தில் பஸில்கள் முழுக்க இலவசம். ஃபோர்க், பின், கடைசி வரிசை மேட் என்று கருப்பொருள் வாரியாகவும் பிரித்துப் போடலாம். செஸ்.காமில் இலவசக் கணக்குக்கு அளவு உண்டு. செலவும் குறைவு, இருபது நிமிடமும் போதும் என்பதால் பெரும்பாலோர் இங்கே தொடங்குகிறார்கள். தொடங்குவதற்கு நல்ல இடமும்கூட.

இதற்கு ஓர் ஆய்வுப் பின்புலம் உண்டு. டச்சு உளவியலாளர் அட்ரியான் டி குரூட், வலுவான ஆட்டக்காரர்களிடம் ஒரு நிலையைக் கொடுத்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். 1946-இல் வெளியான அவருடைய ஆய்வின்படி, கிராண்ட்மாஸ்டர்கள் மற்ற நல்ல ஆட்டக்காரர்களைவிடப் பெரிதாக ஆழமாகவோ அதிக நகர்த்தல்களையோ பார்க்கவில்லை; பார்த்த நகர்த்தல்கள் மேலானவையாக இருந்தன. வடிவங்கள் கண்ணுக்குப் பழகியிருந்தால் நல்ல நகர்த்தல் தானாக முன்னால் வந்து நிற்கும். பஸில் அந்தப் பழக்கத்தைத் தருகிறது.

குறை இரண்டு. பஸில் என்றாலே விடை உண்டு என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. உண்மையான ஆட்டத்தில் யாரும் தோளைத் தட்டி ‘இப்போது யோசி’ என்பதில்லை. முதல் நகர்த்தலை ஊகித்துத் தொட்டால் ஆப்பே பதிலை ஆடிக் காட்டிவிடுகிறது. அடுத்ததை அதைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறோம். அங்கே கணக்கு நடக்கவே இல்லை. மாற்று எளிது: எதிராளியின் சிறந்த தற்காப்பு உட்பட முழு வழியும் முடிந்த பிறகே திரையைத் தொடுவது. மூன்று நிமிட பஸில் ஸ்டார்ம் போன்றவை பொழுதுபோக்குக்கும் வடிவப் பழக்கத்துக்கும் சரி. கணக்குப் பயிற்சி என்று அவற்றை எண்ண வேண்டாம்.

2. மரங்கொத்தி முறை: ‘அ’, ‘உ’ வகைகளுக்கு

சுவீடனின் ஆக்ஸெல் ஸ்மித், ஹான்ஸ் டிக்கனென் இருவரும் 2018-இல் வெளியிட்ட ‘தி வுட்பெக்கர் மெத்தட்’ புத்தகத்தால் பரவிய முறை இது. அதில் 1128 பயிற்சிகள். தேர்ந்த தொகுப்பை நான்கு வாரத்தில் முடிக்க வேண்டும். அதே தொகுப்பை அடுத்து இரண்டு வாரத்தில், பிறகு ஒரு வாரத்தில் என்று நேரத்தைப் பாதியாக்கிக்கொண்டே போக வேண்டும். டிக்கனென் 2010-இல் ஏழு வாரங்களுக்குள் மூன்று கிராண்ட்மாஸ்டர் நார்ம்கள் எடுத்தவர் என்பதால் இம்முறைக்கு மவுசு கூடியது.

ஆப் பஸிலோடு ஒப்பிட்டால் லாபம் தெளிவு. அங்கே நேற்று தவறவிட்டது இன்று திரும்பி வராது. இங்கே கட்டாயம் வரும். யோசித்துக் கண்டது, சில சுற்றுகளுக்குப் பின் பார்த்ததும் தெரிகிறது. ஆட்டத்தில் அது நேரமாக மிஞ்சுகிறது. ஆனால் அலுப்புத் தட்டும். பத்து வயதுப் பிள்ளையிடம் 1128-ஐயும் நீட்டினால் செஸ்ஸே கசந்துவிடும். இருநூறு கணக்குகள் உள்ள ஏதேனும் ஒரு புத்தகத்தை மூன்று சுற்றுப் போடச் சொன்னால் போதும். புதிய, முன்பின் பார்க்காத நிலைகளில் தடுமாறுபவருக்கு இது உதவாது.

3. பலகை இல்லாப் பயிற்சி: ‘ஆ’ வகைக்கு

1992 முதல் 2011 வரை மொனாக்கோ பகுதியில் நடந்த மெலடி ஆம்பர் போட்டியில், முதல் ஆண்டு தவிர, ஒரு பாதி காய்கள் தெரியாத ஆட்டம். ஆட்டக்காரர்களுக்கு முன்னால் வெற்றுப் பலகை தெரியும் கணினித் திரை. எதிராளியின் நகர்த்தல் மட்டும் எழுத்தில் வரும். விஸ்வநாதன் ஆனந்த் அந்தப் போட்டியைப் பலமுறை வென்றவர்.

நமக்கு அந்த அளவு தேவையில்லை. ‘எஃப்6’ என்றதும் கறுப்பா வெள்ளையா என்று சொல்வது. ஏ1-இல் இருக்கும் குதிரை எச்8-க்கு எத்தனை தாவலில் போகும் என்று மனத்திலேயே பார்ப்பது (ஆறு தாவல்). அச்சிட்ட ஆட்டத்தைப் பலகை விரிக்காமல் பத்து நகர்த்தல் வரை படித்து, காய்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று எழுதுவது. தினமும் பத்து நிமிடம், பேருந்தில்கூடச் செய்யலாம். செலவே இல்லை.

இது ஒரு துணைப் பயிற்சி மட்டுமே. கண் தெளிவாவதால் நகர்த்தல் தேர்வு திருந்திவிடாது. ‘ஆ’ வகைத் தவறு உங்கள் பட்டியலில் இல்லையென்றால் இதில் நேரம் போட வேண்டாம்.

4. ஸ்டடிகள்: ‘இ’ வகைக்கு

கலைஞர்கள் இயற்றிய இறுதிக்கட்ட நிலைகளுக்கு ஸ்டடி என்று பெயர். காய்கள் குறைவு, பொறிகள் அதிகம். ‘போதும்’ என்று தோன்றும் இடத்தில் இன்னும் ஒரு நகர்த்தல் பார்க்க வைப்பதில் இதற்கு இணையில்லை.

1895-இல் கிளாஸ்கோவின் ஒரு வார இதழில் வந்த நிலையைப் பாருங்கள். வெள்ளை: ராஜா பி6, சிப்பாய் சி7. கறுப்பு: ராஜா ஏ1, யானை டி5. கறுப்பு ஆட வேண்டும். யானை டி6-இல் செக், ராஜா பி5. டி5-இல் செக்; ராஜா பி4. டி4-இல் செக், ராஜா பி3. டி3-இல் செக்; ராஜா சி2. செக் தீர்ந்தது, சிப்பாய் ராணியாகப் போகிறது. ஆனால் கறுப்பு யானையை டி4-க்கு நகர்த்துகிறது. ராணி எடுத்தால் சி4-இல் செக். ராணி அதை வெட்டினால் கறுப்பு ராஜாவுக்கு நகர இடமில்லை, ஸ்டேல்மேட். டிரா என்றே இதழில் வெளியானது.

கிளாஸ்கோவில் வாழ்ந்த ஸ்பானியப் பாதிரியார் ஃபெர்னாண்டோ சாவெத்ரா அந்தக் கடைசி நிலையை மறுபடி பார்த்தார். ராணி வேண்டாம், யானை எடுப்போம் என்றார். இப்போது ஏ8-இல் மேட் மிரட்டல், ஸ்டேல்மேட்டும் போயிற்று. கறுப்பு யானை ஏ4-க்கு வந்தே ஆக வேண்டும். வெள்ளை ராஜா பி3: யானைக்கும் அடி, சி1-இல் மேட் மிரட்டலும். இரண்டையும் தடுக்க முடியாது. முன்பு பார்த்தவர்கள் ஒன்பது நகர்த்தல் சரியாகப் பார்த்துவிட்டுப் பத்தாவதில் நின்றவர்கள்.

வாரத்துக்கு மூன்று ஸ்டடி போதும். ஒன்றுக்கு அரை மணி நேரம் கொடுங்கள். விடை கிடைக்காவிட்டாலும் பயிற்சி வீணில்லை. தொடங்க ஒன்று, ரிச்சர்ட் ரெட்டி 1921-இல் இயற்றியது: வெள்ளை ராஜா எச்8, சிப்பாய் சி6, கறுப்பு ராஜா ஏ6, சிப்பாய் எச்5. வெள்ளை ஆடி டிரா செய்ய வேண்டும். ஃபோர்க், பின் இன்னும் பிடிபடாதவர்களுக்கு ஸ்டடி சீக்கிரம், மலைத்துப்போவார்கள்.

5. ஒரே நிலை, ஒரு மணி நேரம்: ‘இ’, ‘ஈ’ வகைகளுக்கு

அமெரிக்க ஃபிடே மாஸ்டர் ஸ்டீவ் ஸ்டாய்கோவின் பெயரால் வழங்கும் பயிற்சி. சிக்கலான நடு ஆட்ட நிலை ஒன்றை எடுத்து, நேர வரம்பில்லாமல், காயைத் தொடாமல் தெரியும் எல்லா வழிகளையும், ஒவ்வொன்றின் முடிவில் யாருக்குச் சாதகம் என்பதையும் எழுத வேண்டும். பிறகே சரிபார்ப்பு. ஐந்து முறைகளில் உண்மையான ஆட்டத்துக்கு மிக நெருக்கமானது இதுதான்: விடை உண்டா என்றே தெரியாது, தீர்ப்பும் நீங்களே சொல்ல வேண்டும்.

ரஷ்ய கிராண்ட்மாஸ்டர் அலெக்சாண்டர் கோட்டொவ், முதலில் பார்க்க வேண்டிய நகர்த்தல்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொரு கிளையையும் ஒரே முறை பார்க்க வேண்டும் என்று வகுத்தார். பட்டியலிடும் பாதி இன்றும் பொன். இரண்டாம் பாதியைப் பின்வந்தவர்கள் பலர் ஏற்கவில்லை. ஒரு கிளையில் கண்ட யோசனை, கைவிட்ட இன்னொரு கிளைக்கு உயிர் கொடுப்பது வழக்கம். சாவெத்ரா செய்ததும் பார்த்த கிளைக்கே திரும்பிப் போனதுதான்.

சென்னையில் செஸ் குருகுலம் நடத்தும் ஆர்.பி.ரமேஷ், பிரக்ஞானந்தாவின் பயிற்சியாளர், கணக்கிடுதலுக்கென்றே 2022-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். கடினமான நிலைகளை வேண்டுவோர் அதிலிருந்து எடுக்கலாம். ஆரம்பநிலை ஆட்டக்காரர்களுக்கு அது கனம்.

என்ஜின் எப்போது?

ஐந்துக்கும் பொதுவான விதி: கடைசியில். எழுதி முடித்த பிறகு திறந்தால் அது ஆசிரியர். முன்பே திறந்தால் உங்கள் வேலையை அது செய்துவிடும். குகேஷை வளர்த்த பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, தொடக்க ஆண்டுகளில் அவரை என்ஜின் பக்கம் விடாமல் சொந்த மூளையால் ஆய்வு செய்யப் பழக்கினார். அந்தப் பையன் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர், 2024-இல் உலக சாம்பியன்.

யார் எதை எடுப்பது?

ஃபிடே ரேட்டிங் இன்னும் வாங்காதவர் (இப்போது அது 1400-இல்தான் தொடங்குகிறது): முதல் முறையை எடுங்கள், முழு வழியும் பார்த்த பின் தொடும் நிபந்தனையோடு. பலகை மங்கினால் மூன்றாவதையும் சேருங்கள்.

1400 முதல் 1800 வரை: மரங்கொத்தி முறையில் ஒரு சிறிய தொகுப்பு, கூடவே வாரத்துக்கு ஒரு ஸ்டாய்கோ நிலை. இந்தக் கட்டத்தில் ஆப் பஸிலை வார்ம்-அப்பாகக் குறைக்கலாம்.

1800-க்கு மேல்: ஸ்டடிகளும் நீண்ட நிலைகளும். இங்கே பெரும்பாலான தோல்விகள் ‘இ’, ‘ஈ’ வகையைச் சேர்ந்தவை.

‘ஈ’ மட்டும் மேலோங்கி நின்றால் கணக்குப் பயிற்சியைக் கூட்ட வேண்டாம். இறுதிக்கட்டப் பாடமும், விளக்கவுரையோடு கூடிய நல்ல ஆட்டங்களும் பாருங்கள். ‘உ’ மேலோங்கினால், அடுத்த சில ஆட்டங்களில் ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பின்னும் கடிகார நேரத்தைத் தாளில் குறியுங்கள். எளிய நகர்த்தலுக்குப் பதினைந்து நிமிடம் போன இடம் தானாகத் தெரியும்.

எதை எடுத்தாலும் இரண்டு மாதம் விடாமல் செய்துவிட்டு, முதலில் சொன்ன சோதனையை மறுபடி செய்யுங்கள். பழைய எழுத்து குறைந்து புதிய எழுத்து தலைதூக்கியிருந்தால் முறை வேலை செய்திருக்கிறது, இனி மாற்றலாம். பழைய எழுத்தே நின்றால், பயிற்சி நேரத்தைக் கூட்டுவதற்கு முன் முறையை மாற்றுங்கள்.