மூளை ஆய்வகத்துக்குப் போக நினைக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

எம்.எஸ்ஸி. உயிர்வேதியியல் முடிக்கப் போகிறாய், அல்சைமர், பார்க்கின்சன் மாதிரி நரம்புச் சிதைவு நோய்களில் ஆராய்ச்சி செய்ய ஆசை, கெங்கவல்லியில் இருந்துகொண்டு எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறாய். எந்த ஆய்வகத்தில் என்ன கருவி இருக்கிறது என்று பட்டியல் வேறு போட்டிருக்கிறாய். அதைக் கொஞ்சம் ஓரமாக வை. கருவி சில வருடத்தில் பழசாகிவிடும். அங்கே எந்த நோயைப் பற்றிய கேள்வி ஓடுகிறது, நோயாளிகளோடு தொடர்பு உண்டா என்று பார்.

அப்படி ஒரு கேள்விக்கான நூல் உன் ஊரிலேயே கிடைக்கும். மரவள்ளி இலையைத் தின்ற ஆடு சயனைடு நஞ்சேறிச் சுருண்டு விழுவதை உங்கள் பக்கத்தில் பார்த்திருப்பாய். கிழங்கிலும் உண்டாகிற அந்த சயனைடுதான், அதைச் சரியாகப் பக்குவப்படுத்தாமல், புரதமும் போதாமல் வாரக்கணக்கில் சாப்பிடுகிற ஆப்பிரிக்க ஏழைகளின் கால்களைத் திடீரென முடக்குகிறது. கொன்சோ என்று பெயர். காங்கோவில் 1938-இல் டிரோலி என்ற இத்தாலிய மருத்துவர் அதைப் பதிவு செய்தார். நம் சேகோ ஆலைகளில் அரைத்துப் பாலெடுத்துத் தெளியவைத்துக் காயவைப்பதில் நஞ்சு பெரும்பாலும் போய்விடுகிறது. நேர்முகத் தேர்வில் இதைச் சொல்லிப் பாரேன், பாடத்தை ஒப்பிக்கிறவர்கள் நடுவில் தனியாகத் தெரிவாய்.

சென்னைக்கும் இப்படி ஒரு கதை உண்டு. இளவயதிலேயே கை கால் மெலிந்து, முகத்தசை தளர்ந்து, காதும் மந்தமாகும் ஒரு நோயை 1970-இல் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி மூவரும் எழுதினார்கள். இன்று உலகப் பாடநூல்களில் அது 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்'. அவர்களுடைய மூலதனம் எதிரே வந்து உட்கார்ந்த நோயாளிதான். முழுக் காரணம் இன்னும் பிடிபடவில்லை. உனக்கு வேலை மிச்சம் இருக்கிறது.

பெங்களூரு நிம்ஹான்ஸில் டாக்டர் எஸ்.கே. சங்கர் 1995-இல் தொடங்கிய மூளை வங்கியைக் கட்டாயம் தெரிந்துகொள். நடுமூளையைக் குறுக்கே வெட்டினால் இரண்டு பக்கமும் கறுப்பாக ஒரு பட்டை ஓடும். பார்க்கின்சன் வந்தவருக்கு அது வெளுத்துப் போயிருக்கும், வெறும் கண்ணுக்கே தெரியும். அந்தத் துண்டு, துக்க வீட்டில் யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. அதனால்தான் சாம்பிள் எண்ணை அலட்சியமாக எழுதுகிற ஆளை எனக்குப் பிடிக்காது.

ஆய்வகத்துக்கு வெளியிலும் வாய்ப்பு இருக்கிறது. ஐ.ஐ.எஸ்.சி. வளாகத்தில் உள்ள மூளை ஆய்வு மையம், கோலார் மாவட்டம் சீனிவாசபுராவில் 45 வயது தாண்டிய கிராமத்தவரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கிறது. மூளையின் செயல்திறனைச் சோதிக்கும் வழிகளில் ஒன்று கடிகாரம் வரையச் சொல்வது. பள்ளிக்கூடமே போகாத பாட்டிக்குப் பேனா பிடிப்பதே பெரிய சோதனை. அவரிடம் எதை, எப்படிக் கேட்பது என்பது நகரத்துப் பிள்ளைகளைவிட உனக்கு நன்றாகத் தெரியும்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. கிடைக்காவிட்டால் ஏதாவது திட்டப்பணியில் ஒரு வருடம் இருந்துகொண்டே மறுபடி எழுது. சேருவதற்கு முன் அங்கே இருக்கும் மாணவர்களிடம் இரண்டு கேள்வி கேள்: போன மாதச் சம்பளம் எந்தத் தேதியில் வந்தது? கடைசியாக முனைவர் பட்டம் வாங்கியவருக்கு எத்தனை வருடம் ஆயிற்று? தயங்காமல் பதில் சொன்னால் விண்ணப்பம் போடு.

அன்புடன்,
அக்கா