மீதி நாற்பத்திரண்டு கிலோ எங்கே?



"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா" என்று நம் யூனியன் செயலாளர் மூன்று முறை கேட்டுவிட்டார். கவிதை எனக்கு வராது. அதற்கு இந்த மலரில் பஞ்சமும் இருக்காது. ஆகவே என் அப்பா கேட்ட சில கேள்விகளையும், விடை தேடி நான் பட்ட பாட்டையும் எழுதுகிறேன்.

அப்பா அரிசி மண்டியில் லோடுமேன். கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான் படிப்பு. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். 2023 ஆகஸ்ட் 23 அன்று மாலை சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை டீக்கடை டி.வி.யில் இருவரும் பார்த்தோம். நான் முதலாம் ஆண்டு சேர்ந்த புதிது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், நம்மைப் போல மெக்கானிக்கல் டிப்ளமோவில் ஆரம்பித்தவர் என்பதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே வந்துவிட்டது.

"ஏம்ப்பா, அங்க எல்லாம் லேசா இருக்குமாமே. நம்ம அம்பது கிலோ மூட்டை எவ்வளவு இருக்கும்?"

"ஆறுல ஒரு பங்குப்பா. எட்டு கிலோ சொச்சம்."

"அப்ப மீதி நாப்பத்திரண்டு கிலோ அரிசி எங்க போச்சு? மூட்டையை யாரும் பிரிக்கலையே?"

டீக்கடையே என்னைப் பார்த்தது. பத்தாவதில் அறிவியலில் 81 மார்க் வாங்கியவன் நான். வாயைத் திறந்தேன், மூடிவிட்டேன். "சரி விடு, படிச்சுட்டு சொல்லு" என்றார் அப்பா. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மறுவாரம் பிசிக்ஸ் லேபில் சாரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு ஸ்பிரிங் தராசையும் ஒரு சாதாரணத் தராசையும் எடுத்து மேசையில் வைத்து, "ரெண்டையும் நிலாவுக்கு எடுத்துட்டுப் போ, என்ன ஆகும் சொல்லு" என்றார்.

யோசித்துப் பாருங்கள். இரண்டு தட்டுத் தராசில் ஒரு பக்கம் மூட்டை, மறுபக்கம் 50 கிலோ படிக்கல். நிலவில் மூட்டையும் லேசாகும், கல்லும் அதே அளவு லேசாகும். முள் நடுவிலேயே நிற்கும். அதாவது 50 கிலோ. ஸ்பிரிங் தராசோ கீழே இழுக்கும் விசையை மட்டும் காட்டுவது, அதில் 8.3 கிலோதான் வரும். முதல் தராசு சொல்வது நிறை. இரண்டாவது சொல்வது எடை. பூமியில் ஒரு கிலோவை 9.81 நியூட்டன் இழுக்கிறது, நிலவில் 1.62தான். அரிசி எங்கேயும் போகவில்லை, இழுக்கிற ஆள்தான் இளைத்துவிட்டான்! சந்திரயானின் பிரக்யான் ரோவர் நிறை 26 கிலோ. அங்கே அதை ஸ்பிரிங் தராசில் தொங்கவிட்டால் 4.3 காட்டும். கணக்கில் நாம் எல்லோரும் ஜி போட்டுப் பெருக்குகிறோம். எதற்கு என்று நான் அதுவரை கேட்டதே இல்லை.

வீட்டில் சொன்னேன். "அப்ப ஆறு மூட்டையைத் தூக்கிட்டு ஓடலாம்னு சொல்லு" என்றார் அப்பா.

தூக்கலாம், ஓட முடியாது. ஆறு மூட்டையின் நிறை அங்கேயும் 300 கிலோதான். ஓட்டம் பிடித்த பிறகு அத்தனையையும் நிறுத்த வேண்டும். நிறுத்துவது காலுக்கும் தரைக்கும் உள்ள உராய்வு. அந்த உராய்வோ எடையைப் பொறுத்தது, அதனால் ஆறில் ஒரு பங்காகிவிடும். நிற்க நினைத்த இடத்தில் நிற்க முடியாது, குப்புற விழ வேண்டியதுதான். 1972இல் அப்போலோ-17இல் போன ஹாரிசன் ஷ்மிட் நிலவில் பலமுறை விழுந்து எழுந்திருக்கிறார். இதை நான் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பா குறுக்கிட்டார்: "தெரியுமே. லோடு ஏத்துன தள்ளுவண்டி மாதிரி. பாரம் சக்கரத்துல இருக்கு, நம்ம தோள்ல ஒண்ணும் இல்ல. ஆனா கிளப்புறதும் நிறுத்துறதும்தான் உசுரு போகும்." நிலைமத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

இன்னொரு விஷயம். விண்வெளி நிலையத்தில் மிதக்கிறார்களே, அங்கே ஈர்ப்பு இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 400 கிலோமீட்டர் உயரத்தில் தரையில் உள்ளதில் கிட்டத்தட்ட 90 சதவீத ஈர்ப்பு இருக்கிறது. நிலையமும் ஆளும் சேர்ந்தே பூமியைச் சுற்றி விழுந்துகொண்டிருப்பதால் தராசில் எதுவும் அழுந்தாது. அப்படியானால் உடம்பை எப்படி நிறுப்பது? ஸ்பிரிங் வைத்த நாற்காலியில் உட்காரவைத்து ஆட்டிவிட்டு அலைவு நேரத்தை அளக்கிறார்கள். 1973இல் ஸ்கைலாப்பிலேயே செய்திருக்கிறார்கள். நிறை கூடினால் அலைவு நேரம் கூடும். நாம் லேபில் ஸ்டாப் கிளாக்கைப் பிடித்துக்கொண்டு 20 அலைவு எண்ணினோமே, அதேதான். கைத்தட்டலாம்!

அடுத்த கேள்வி தங்கச்சியுடையது. "அண்ணா, வேற எங்கயாச்சும் ஆள் இருக்காங்களா?"

உயிர் வாழத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் வெளியில் திரவமாக நிற்க மேலே காற்றின் அழுத்தம் வேண்டும். காற்றைப் பிடித்துவைக்க ஈர்ப்பு வேண்டும். பூமியை விட்டுத் தப்ப வினாடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் தேவை. நிலவில் 2.4 போதும், காற்று மூலக்கூறுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று ஓடிவிடும். செவ்வாயில் 5. அங்கே பழைய ஆற்றுத் தடங்கள் உண்டு, ஆனால் இன்றைய காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 'ஈர்ப்பு குறைந்தால் காற்று இல்லை' என்று நோட்டில் விதி எழுதி அடிக்கோடும் போட்டேன்.

சனியின் துணைக்கோள் டைட்டன் அந்தக் கோட்டை அழித்தது. அதன் ஈர்ப்பு நிலவைவிடக் குறைவு. காற்றழுத்தமோ நம்முடையதைப்போல் ஒன்றரை மடங்கு. காரணம் குளிர், மைனஸ் 179 டிகிரி. அங்கே மூலக்கூறுகளுக்கு ஓடும் தெம்பே இல்லை. ஆக, ஈர்ப்பை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டது என் தப்பு.

அதைவிட ஆச்சரியம் அதே சனியின் என்செலடஸ். குறுக்களவு சுமார் 500 கிலோமீட்டர், சென்னையிலிருந்து கன்னியாகுமரி தூரம்கூட இல்லை. காற்றைப் பிடிக்க வலுவே கிடையாது. ஆனால் மேலே ஐஸ் மூடி, அடியில் கடல். 2005இல் காசினி விண்கலம் அங்கிருந்து நீராவியும் பனித்துகளும் பீச்சியடிப்பதைக் கண்டது. உறையாமல் இருக்கச் சூடு எங்கிருந்து? ஒர்க்‌ஷாப்பில் கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் வளைகிற இடம் சுடுமே, அப்படித்தான். சனியின் ஈர்ப்பு அதைப் பிசைந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பனித்துகளில் பாஸ்பேட் இருப்பதாக 2023இல் அறிவித்தார்கள். நம் எலும்பிலும் செல்லிலும் இருப்பதுதான். உயிர் இருக்கிறதா? இதுவரை எங்கேயும் கண்டுபிடிக்கவில்லை. தங்கச்சிக்கு ஏமாற்றம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்பா மெதுவாகக் கேட்டார்: "அங்கெல்லாம் போனா இந்த இடுப்பு வலி இருக்காதுல்ல?"

ஆரம்பத்திலிருந்தே அவர் கேட்க நினைத்தது இதுதானோ என்று அப்போதுதான் தோன்றியது. இருபது வருடமாக மூட்டை தூக்கும் இடுப்பு. தேடிப் படித்தேன். விண்வெளியில் பாரம் இல்லாததால் எலும்பு மாதம் ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் வரை தேய்கிறது. அதனால் பட்டை கட்டிக்கொண்டு தினமும் சுமார் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். முதுகெலும்பு நீண்டுவிடுவதால் பலருக்கு முதுகுவலியும் வருகிறது.

"அங்கயுமா!" என்று அப்பா சிரித்துவிட்டார். பிறகு தைலத்தை என்னிடம் நீட்டி, திரும்பிப் படுத்துக்கொண்டு, "அந்த ஐஸ் உருண்டைக்குள்ள ஓட்டை போட எந்த மெஷினை அனுப்புவாங்க, அதையும் பார்த்து வை" என்றார்.

தேடிக்கொண்டிருக்கிறேன்.