664 ரன்னும் கடைச் சிட்டையும்



கடையில் பிள்ளைகளைப் பழக்கும்போது நாம் ஒரு தவறு செய்கிறோம். மூட்டையைத் தூக்கியதுமே எடை சொல்லும் பையனைக் கெட்டிக்காரன் என்று தட்டிக் கொடுக்கிறோம். தராசில் இரண்டு முறை போட்டுப் பார்த்து எழுதி வைக்கும் பையனை மந்தம் என்கிறோம். கடைசியில் யார் கடை நிலைக்கிறது என்பதற்கு நாடறிந்த உதாரணம் ஒன்று உண்டு.

1988 பிப்ரவரியில் பம்பாயில் ஹாரிஸ் ஷீல்டு பள்ளிக் கிரிக்கெட் போட்டி நடந்தது. சாரதாஸ்ரம் பள்ளி மாணவர்கள் இருவர் ஆட்டமிழக்காமல் சேர்ந்து 664 ரன் குவித்தார்கள். வினோத் காம்ப்ளி 349, சச்சின் டெண்டுல்கர் 326. ஒரே பள்ளி, ராமகாந்த் அச்ரேகர் என்ற ஒரே குரு, இணைபிரியாத நண்பர்கள். இருவரில் இயற்கைத் திறமை காம்ப்ளிக்கே அதிகம் என்று சொன்னவர்கள் பலர்.

தொடக்கமும் அப்படித்தான் இருந்தது. 1993இல் காம்ப்ளி இங்கிலாந்துக்கு எதிராக 224, அடுத்த டெஸ்டில் ஜிம்பாப்வேக்கு எதிராக 227 எடுத்தார். 14 இன்னிங்ஸில் ஆயிரம் ரன்னைத் தொட்டார். ஆனால் 1995இல் 23 வயதிலேயே அவருடைய டெஸ்ட் வாழ்வு முடிந்தது. ஆடியது 17 டெஸ்ட், சராசரி 54. எகிறி வந்த பந்துகளில் தடுமாற்றம், காயம், கட்டுப்பாட்டுக் குறைவு என்று காரணங்கள் பல சொல்லப்படுகின்றன.

டெண்டுல்கருக்குத் திறமை குறைவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவர் அதை மட்டும் நம்பி இருக்கவில்லை. 1998இல் ஆஸ்திரேலியாவின் ஷேன் வார்ன் சென்னைக்கு வருகிறார் என்றதும், நம் லட்சுமண் சிவராமகிருஷ்ணனைப் பந்து வீசச் சொல்லி, ஆடுகளத்தின் ஒரு பகுதியைச் சொரசொரப்பாக்கிப் பயிற்சி செய்தார். அப்படியும் முதல் இன்னிங்ஸில் 4 ரன்னில் வார்னிடமே ஆட்டமிழந்தார். இரண்டாவது இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 155. இந்தியா வென்றது. 2013இல் ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 200 டெஸ்ட், 15,921 ரன் இருந்தன.

நம் தொழிலுக்கு வருவோம். செவ்வாய்ப்பேட்டையில் என் மண்டியில் ஒரே ஊர்ப் பையன்கள் இருவர் வேலை பார்த்தார்கள். ஒருவனுக்கு ஐம்பது கடைக்காரர்களின் பாக்கியும் மனப்பாடம். மற்றவன் ஒவ்வொன்றையும் சிட்டையில் எழுதினால்தான் நகர்வான். நான் முதலாமவனைப் புகழ்ந்தேன். இரண்டாமவனை எல்லோர் முன்னும் கடிந்தேன். இருவரும் பின்னால் தனிக்கடை வைத்தார்கள். மனப்பாடக்காரன் கடன் கொடுத்ததை எழுதவில்லை. கேட்ட இடத்திலெல்லாம் "கொடுத்தாயிற்றே" என்றார்கள். நான்காம் வருடம் கடையை மூடினான். அவனைக் கெடுத்ததில் என் பாராட்டுக்கும் பங்குண்டு. எழுதும் பழக்கத்தை அவனுக்கு நான் கற்றுக் கொடுக்கவே இல்லை.

ஆகவே சில பாடங்கள்:

1. தலையில் கணக்கு நிற்பது வரம். ஆனாலும் அன்றாடச் சிட்டை அன்றே எழுதப்பட வேண்டும்.

2. நெருக்கடி வருமுன் பழக வேண்டும். தீபாவளிச் சரக்குக்கு ஆடியிலேயே இருப்பைப் பாருங்கள்.

3. மெதுவான பையனைப் பிறர் முன் ஏளனம் செய்யாதீர்கள். கெட்டிக்காரனைக் கண்டிக்கவும் தயங்காதீர்கள். அவனுக்குத்தான் கண்டிப்பு அதிகம் தேவை.

4. போட்டி வேறு, பொறாமை வேறு. ஒருவர் அடித்தபோது மற்றவர் எதிர்முனையில் நின்று ஓடியதால்தான் 664 வந்தது. ஒரே தெருவில் எதிரெதிரே கடை வைத்திருக்கும் நாமும் அப்படி இருக்கலாம்.

என் கடையில் பழகிய அந்த இரண்டாமவன் கடை இன்றும் நடக்கிறது. முதலாமவனுக்கு அங்கேதான் வேலை. கணக்கை அவன் சொல்ல, இவன் எழுதுகிறான். அந்த வியாபாரம் நன்றாகவே இருக்கிறது.