கியர் பெட்டிப் பழுதும் டிஃபரன்ஷியல் பேரிங்கும் — கிராமப் பட்டறைகளுக்கு ஒரு பாடம்

ஒசூர்ப் பகுதியில் விளையும் தக்காளியும் முட்டைக்கோசும் ரோசா மலரும் காலந்தவறாது பெங்களூர்ச் சந்தையை எட்ட வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்து மாங்கனி, பருவம் கடவாமல் கூழ் ஆலையைச் சேர வேண்டும். சிப்காட் தொழிற்பேட்டையில் பணிபுரிவோர் ஷிஃப்டு தவறாமல் ஆலைவாயிலில் நிற்க வேண்டும். இவை அனைத்திற்கும் மோட்டார் வண்டியே துணை. அவ்வண்டி பட்டறையில் முடங்கினால், அதை நம்பிய குடும்பமும் முடங்குகிறது.

1980-ஆம் ஆண்டையொட்டி அசோக் லேலண்டு லாரி ஆலையும் டி.வி.எஸ். மொபெட் ஆலையும் ஒசூரில் அமைந்தன. அதன் பின்னர் இவ்வெல்லைப் பகுதி மோட்டார்த் தொழிலின் முக்கிய நிலையங்களுள் ஒன்றாக வளர்ந்திருக்கிறது. இத்தகைய ஆலைகளில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை அளந்தே பேரிங்கைப் பொருத்துகின்றனர். ஆனால், எங்கோ ஓர் ஆலையில் அவ்வாறு அளந்து பூட்டப்பட்ட கார், சில ஆண்டுகள் கழித்து நமது கிராமப் பட்டறைக்கு வரும்போது, கைநிதானம் ஒன்றே அளவுகோலாகிவிடுகிறது. இந்தக் குறையைப் போக்கும் வழியை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக ஆராய்வோம்.

ஒரு படிப்பினை

நமது ஒன்றியத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், கடன் பெற்று, முன்சக்கர இயக்கம் கொண்ட பழைய டாக்சிக் கார் ஒன்றை வாங்கினார். கியர் விழுவதில் இடர்ப்பாடு ஏற்படவே, ஒரு பட்டறையில் கியர் பெட்டியைப் பிரித்தனர். சிங்க்ரோ ரிங்குகளும் கியர்த் தண்டுகளின் பேரிங்குகளும் புதியனவாக மாற்றப்பட்டன. டிஃபரன்ஷியல் பேரிங்குகளை மட்டும் கையால் சுற்றிப் பார்த்து, "நன்றாகத்தான் இருக்கிறது" என்று விட்டுவிட்டனர். மூன்றாம் மாதத்தில் இரைச்சல் தொடங்கிற்று. அப்பேரிங்கிலிருந்து உதிர்ந்த எஃகுத் துகள்கள் எண்ணெயோடு கலந்து, புதிய பேரிங்குகளையும் பற்சக்கரங்களையும் கெடுத்துவிட்டன. கியர் பெட்டியை மறுமுறையும் பிரிக்க நேர்ந்தது, செலவு இரட்டித்தது, கடன் தவணையும் தவறியது. அவர் நம்மிடம் காட்டிய பேரிங்கின் உள்வளையத்தில் அம்மைத் தழும்பு போன்ற குழிகளைக் கண்டோம். சில நூறு ரூபாய்ச் சிக்கனம் ஒரு குடும்பத்தின் ஒரு மாத வருவாயை விழுங்கிவிட்டது.

டிஃபரன்ஷியல் செய்யும் பணி

மாட்டு வண்டியின் இரு சக்கரங்களும் அச்சின் மீது தனித்தனியே சுழல்கின்றன. ஆகவே வண்டி திரும்பும்போது வெளிச் சக்கரம் கூடுதலாகவும் உட்சக்கரம் குறைவாகவும் உருளத் தடையில்லை. காரில் என்ஜின் இரு சக்கரங்களையும் ஒருங்கே இயக்க வேண்டியிருக்கிறது. சக்கரங்களுக்கிடையே 1.3 மீட்டர் அகலமுள்ள ஒரு கார் ஒரு முழு வட்டம் அடித்தால், வெளிச் சக்கரம் உட்சக்கரத்தைவிட ஏறத்தாழ 8 மீட்டர் கூடுதலாக ஓடுகிறது. இவ்வேறுபாட்டுக்கு இடங்கொடுத்து, இரு சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்தளிப்பதே டிஃபரன்ஷியல்.

முன்சக்கர இயக்கக் கார்களில் இது கியர் பெட்டியின் கூட்டுக்குள்ளேயே, அதே எண்ணெயில் இயங்குகிறது. ஒன்றில் தேய்மானம் ஏற்பட்டால் மற்றதும் கெடுவதற்கு இதுவே காரணம். டிஃபரன்ஷியலை இருபுறமும் தாங்குபவை பல வண்டிகளில் கூம்புருளைப் பேரிங்குகளாகும். அமெரிக்காவில் ஹென்றி டிம்கென் என்பவர் 1898-இல் காப்புரிமை பெற்ற இவ்வகைப் பேரிங், மேலிருந்து வரும் பளுவையும் பக்கவாட்டு உந்துதலையும் ஒருசேரத் தாங்க வல்லது. பற்கள் சாய்வாக வெட்டப்பட்ட பற்சக்கரம் பக்கவாட்டில் உந்துமாதலால் இவ்வமைப்பு இன்றியமையாததாகிறது.

பழுதை அறிதல்

இரைச்சல் எல்லாக் கியர்களிலும் எழுந்து, வண்டியின் வேகத்தோடு கூடிக் குறையுமானால், டிஃபரன்ஷியல் பேரிங்கை ஐயுறலாம். வளைவுகளில் மட்டும் ஓசை மாறுமாயின், முதலில் சக்கரப் பேரிங்கைச் சோதிக்க வேண்டும். வடித்த எண்ணெயை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்ப்பதும் நன்று. மின்னும் செதில்கள் தென்பட்டால் எங்கோ உலோகம் உதிர்கிறது என்பது திண்ணம். பெட்டியைப் பிரித்தபின், உருளைகளிலும் வளையங்களிலும் குழி, செதில், நீலநிறம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று காணப்பட்டால் அப்பேரிங்கை மீண்டும் பூட்டலாகாது. நெடுந்தொலைவு ஓடிய வண்டியாயின், குறை கண்ணுக்குப் புலப்படாவிடினும் மாற்றிவிடுவதே அறிவுடைமை.

மாற்றும் முறை

உருளைகளோடு கூடிய உள்வளையமும், கூட்டில் அமர்ந்துள்ள வெளிவளையமும் ஓர் இணையாகும். ஒன்றைப் புதிதாகவும் மற்றதைப் பழையதாகவும் வைத்துப் பூட்டுதல் பெருந்தவறு.

உள்வளையத்தைப் புல்லர் கொண்டு கழற்ற வேண்டும். புதியதை ஏற்றும்போது பிரஸ்ஸில் வைத்து, உள்வளையத்தின் விளிம்பில் மட்டுமே அழுத்த வேண்டும்; உருளைகளின் மீது சுத்தியல் படலாகாது. சூடாக்கி ஏற்றுவதாயின் 100 டிகிரி அளவே போதும். 120-ஐக் கடக்கக் கூடாது. நேரடித் தீச்சுவாலை எஃகின் பதத்தைக் கெடுத்துவிடும். வெளிவளையம் அமரும் கூடு பெரும்பாலும் அலுமினியமாகும். அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரிவதால், கூட்டை இளஞ்சூடாக்கினால் வளையம் எளிதில் கழன்று வரும்.

ஷிம் அளத்தலே உயிர்நிலை

புதிய பேரிங்கின் உயரம் பழையதோடு முற்றும் ஒத்திராது. ஆகவே, வெளிவளையத்தின் பின்னே இருந்த பழைய ஷிம் தகட்டையே வைத்து மூடிவிடுதல் சூதாட்டத்திற்கு ஒப்பாகும். கூம்புருளைப் பேரிங்குகள் சிறிது முன்னழுத்தத்தோடு அமர வேண்டும். அழுத்தம் மிகுந்தால் பேரிங் சூடேறி எரியும். குறைந்தால் டிஃபரன்ஷியல் ஆடி, பற்களும் ஆயில் சீலும் கெடும்.

முதலில் மெல்லிய ஷிம் ஒன்றை வைத்து, மற்றத் தண்டுகள் இன்றி டிஃபரன்ஷியலை மட்டும் கூட்டில் அமர்த்திப் போல்ட்டுகளை முறுக்க வேண்டும். உருளைகள் தம்மிடத்தில் அமருமாறு பலமுறை சுற்றியபின், டயல் கேஜைக் கொண்டு மேலும் கீழுமான அசைவை அளக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, வைத்த ஷிம் 0.60 மி.மீ., காணும் அசைவு 0.25 மி.மீ., கையேடு கூறும் முன்னழுத்தம் 0.10 மி.மீ. என்று கொள்வோம். இவற்றைக் கூட்டினால் வரும் 0.95 மி.மீ. ஷிம்மே வேண்டற்பாலது. இவ்வெண்கள் கணக்கை விளக்கவே தரப்பட்டன. அந்தந்த வண்டியின் கையேட்டு அளவையே கைக்கொள்ள வேண்டும். சில கார்களில் குண்டு பேரிங்குகள் உள்ளன. அவற்றிற்கும் கையேடே வழிகாட்டி.

ஜீப், பிக்கப் போன்ற பின்சக்கர இயக்க வண்டிகளில் இருபுறத்து ஷிம்களும் கிரௌன் வீலுக்கும் பினியனுக்கும் உள்ள பல்லிடைவெளியையும் நிருணயிக்கின்றன. ஆதலால் கழற்றும்போதே இடம், வலம் எனக் குறியிட்டு வைத்தல் அவசியம்.

இறுதியாக, கூட்டின் உட்புறத்தை மண்ணெண்ணெய் கொண்டு கழுவித் துடைத்து, பேரிங்கிற்கு எண்ணெயிட்டு, புதிய ஆயில் சீல்களைப் பொருத்தி, உரிய தர எண்ணெயை உரிய அளவு நிரப்ப வேண்டும்.

நாம் செய்ய வேண்டுவது

இப்பணிக்கு வேண்டும் கருவிகள் மைக்ரோமீட்டர், தாங்கியோடு கூடிய டயல் கேஜ், புல்லர் ஆகிய மூன்றே. தனியொரு பட்டறைக்கு இது சுமையாகத் தோன்றலாம். அண்மையிலுள்ள நான்கைந்து பட்டறைகள் கூடிப் பொதுவில் வாங்கி, முறைவைத்துப் பயன்படுத்தினால் சுமை பகிர்ந்துபோகும். அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பயிற்சி முடித்த இளைஞரைக் கொண்டு, அனுபவமிக்க மெக்கானிக்குகளுக்கு அளவெடுக்கும் முறையைக் காட்டச் செய்யலாம். இளைஞரிடம் கணக்கு உண்டு. மூத்தவரிடம் கைப்பழக்கம் உண்டு. இரண்டும் ஒரே மேசையில் கூடுமாயின், ஆலையிலுள்ள தரம் கிராமத்திலும் நிலைபெறும்.

வண்டி உரிமையாளருக்கும் ஒரு வேண்டுகோள். கியர் பெட்டி பிரிக்கப்படும் நாளில் உடனிருங்கள். "டிஃபரன்ஷியல் பேரிங்கை மாற்றினீர்களா? ஷிம்மை அளந்தீர்களா?" என்று கேளுங்கள். கழற்றிய பேரிங்கைக் கையில் வாங்கிப் பாருங்கள். கேட்பவர் இருந்தால் அளப்பவரும் இருப்பார்.